கென்போ கற்கப் போகிறீர்களா? கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்

கென்போ என்ற தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. யாராவது மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ளும் முறை எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மும்பை சயான் கோலிவாடாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு மச்சினன் சாப்பிட வந்திருந்தான். வாஷி சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறவன். சாப்பிட்டு முடித்ததும், "என் கையைப் பிடி, ஒன்று காட்டுகிறேன்" என்றேன். பிடித்தான். வகுப்பில் செய்தது போலவே கையைத் திருப்பி இழுத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தேன்.

"அத்தான், நான் இன்னும் இறுக்கவே இல்லை" என்றான்.

என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டிய மராத்திக்காரர். "அவரை இங்கே அழைத்து வாருங்கள், சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறேன்" என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மை அதுதான். அதுவரை வகுப்பில் என் கையைப் பிடித்தவர்களுக்கு, நான் எப்போது திருப்புவேன், அவர்கள் எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் தெரியும். பிடித்தவர் விட்டுக்கொடுத்ததை என் திறமை என்று எண்ணிக்கொண்டேன்.

இப்போது ஆறாம் ஆண்டு. ஞாயிறு காலை வகுப்பில் புதிதாக வருகிறவர்களை முதல் மாதம் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வரும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே என்பதால், சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில்: எதில் சேரப் போகிறீர்கள்?

ஜப்பானிய மொழியில் 'கென்' என்றால் முட்டி (மடக்கிய கை), 'போ' என்றால் முறை. சீனத்தில் 'சுவான்ஃபா' என்று எழுதும் அதே எழுத்துகளை ஜப்பானியர் படிக்கும் விதம் இது. நம் ஊரில் சிலம்பத்தோடு சேர்த்துக் கற்றுத்தரும் குத்துவரிசைக்கும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். பெயரைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஒரு பெயருக்குள் பல கலைகள் இருக்கின்றன. ஷோரின்ஜி கெம்போ 1947இல் ஜப்பானின் தடோட்சு நகரத்தில் தோஷின் சோ தொடங்கியது. இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சிக்கு அதில் பெரிய இடம் உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஜேம்ஸ் மிடோஸே, அவருக்குப் பின் வில்லியம் சோவ், அவரிடம் கற்ற எட் பார்க்கர் என்று இன்னொரு வழி வருகிறது. பார்க்கர் 1956இல் கலிஃபோர்னியாவின் பசடேனாவில் பள்ளி திறந்து வளர்த்ததைத்தான் அமெரிக்கன் கென்போ என்கிறார்கள். மும்பையில் ஒரு பலகையில் 'கென்போ' என்று எழுதியிருந்தால் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கராத்தேயையும் கிக்பாக்ஸிங்கையும் கலந்து ஆசிரியரே சமைத்த கூட்டாகவும் இருக்கலாம். கூட்டு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். "நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவரிடம் உட்காரலாம். கேள்வியே பிடிக்காதவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நம்மவர்கள் வகுப்புக்கு வந்ததும் சொல்லும் முதல் செய்தி, "இதெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது." ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சீனாவின் ஷாவோலின் மடத்து உடற்பயிற்சிகளைப் போதிதர்மரோடு இணைக்கும் கதை, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூலிலிருந்து கிளம்பியது. எப்படி இருந்தாலும், காஞ்சிபுரத்துக்காரர் என்பதற்காக உங்கள் மணிக்கட்டை யாரும் விடப்போவதில்லை.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஒரு முழு வகுப்பையும் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாணவர்கள் காற்றில் குத்தும் நேரம் எவ்வளவு, இன்னொருவரைத் தொட்டு, பிடித்து, தள்ளிச் செய்யும் நேரம் எவ்வளவு என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடமாவது இருவராகச் செய்யும் பயிற்சி இல்லாவிட்டால், அது உடலுக்கு நல்லது, தற்காப்புக்குப் போதாது.

அடுத்து, தாக்குகிறவராக நடிப்பவரைக் கவனியுங்கள். அமெரிக்கன் கென்போவில் ஒரு தாக்குதலுக்கு ஐந்தாறு அடிகள் கொண்ட தொடர் பதில் உண்டு. 'தாமதித்த வாள்', 'ஐந்து வாள்கள்' என்ற பொருள் தரும் அழகான பெயர்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். வாள் என்பது உள்ளங்கையின் ஓரம். கண்மூடித் திறப்பதற்குள் சடசடவென்று விழும் அந்த அடிகளைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் எதிரே நிற்பவர் ஒரு குத்து விட்டுவிட்டு, நீட்டிய கையை மடக்காமல், கோவில் துவாரபாலகர் போல நிற்கிறாரா? அப்படியானால் அங்கே ஆடுவது ஒருவர்தான்.

பார்க்கரே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். முதலில் எல்லாம் எதிர்பார்த்தபடி நடக்கும் வடிவத்தைக் கற்பது. அடுத்து 'அவன் இப்படிச் செய்தால்?' என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பது. கடைசியில் அந்தந்த நேரத்துக்கு ஏற்ப நாமே கோத்துக்கொள்வது. பல வகுப்புகள் முதல் கட்டத்திலேயே கூடாரம் அடித்து, அடுத்த பெல்ட்டுக்குப் புதிய தொடர்களைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. இரண்டாம் கட்டம் நடக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஒரு மணி நேரம்.

கட்டணத்தைக் கேட்கும்போது மாதத் தொகையோடு நிறுத்தாதீர்கள். தேர்வுக்கு எவ்வளவு, பெல்ட்டுக்கு எவ்வளவு, சீருடை அங்கேதான் வாங்க வேண்டுமா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். நான் முதலில் சேர்ந்த ஓர் இடத்தில் மாதம் 1,500 ரூபாய் என்றார்கள். ஆறு மாதத்தில் தேர்வு, சான்றிதழ், மேலங்கி, முகாம் என்று இன்னும் 6,000 போயிற்று. மஞ்சள் பெல்ட் வந்தது. கையை விடுவிக்கத்தான் வரவில்லை.

தூரத்தையும் பாருங்கள். அலுவலகம் முடிந்து குர்லாவில் வண்டி மாறி, கூட்டத்தில் நசுங்கி, அதன்பின் போய்ச் சேர வேண்டிய வகுப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இரண்டு மாதம் தாண்டாது. நடந்து போகும் தூரத்தில் கென்போ இல்லை, நல்ல குத்துச்சண்டை வகுப்போ ஜூடோவோ இருக்கிறது என்றால் யோசிக்காமல் அதில் சேர்ந்துவிடுங்கள். கென்போ ஆசிரியர் யாராவது படித்தால் கோபித்துக்கொள்ளக்கூடும்.

வாங்க வேண்டியவை, கழற்ற வேண்டியவை

முதல் மாதம் தளர்ந்த பேண்ட்டும் பனியனும் போதும். பல் காப்புறையும், ஆண்களுக்கு இடுப்புக் காப்புறையும் வாங்கிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மெட்டி, மோதிரம், வளையல், அரைஞாணில் தொங்கும் தாயத்து எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிற பெண்கள் உடையின் உட்புறமாக ஒட்டுத்துணி போட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். முழங்கால், முதுகு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது தொல்லை இருந்தால் மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று மாதம்: விழுவது, நகர்வது, நான்கே அடிகள்

புதியவர்களுக்கு அலுப்பூட்டுவது விழும் பயிற்சி. எனக்கு இதுவரை தெருவில் உதவியதும் அது ஒன்றுதான். ஜூலை மழையில், கையில் டிபன் பெட்டியோடு ரயில் நிலையப் பாலத்தின் படியில் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. தாடை தானாக மார்பில் ஒட்டிக்கொண்டது, மூச்சு வெளியே போனது, வலது முன்கை முழுவதுமாகத் தரையில் அறைந்தது. எழுந்து பார்த்தால் சட்டையெல்லாம் சாம்பார். உடம்பில் சிராய்ப்பு மட்டும். பழக்கம் இல்லாதவர் உள்ளங்கையை ஊன்றியிருப்பார். அப்படி ஊன்றித்தான் பலர் மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் பழக விரும்பினால் மெத்தை மேல், குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். தாடையை மார்போடு ஒட்டி இடுப்பு முடிச்சைப் பாருங்கள். முதுகை வளைத்துப் பின்னால் உருளும்போது இரு கைகளையும் உடலிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கை கீழே இருக்கும்படி தரையை அறையுங்கள். தலையின் பின்புறம் தரையைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அடிகளில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் முகத்தைத் தள்ளி அடிப்பது, முட்டியைச் சுத்தியல் போல மேலிருந்து இறக்குவது, முழங்கை, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் உதை. இந்த நான்கு போதும். முட்டியால் தாடையில் குத்துவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பழகாதவர்கள் மண்டை எலும்பில் குத்தி, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள கை எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். அந்த முறிவுக்கே குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றுதான் மருத்துவத்தில் பெயர். உள்ளங்கைக்கு அந்த ஆபத்து குறைவு. அமெரிக்கன் கென்போவில் 150க்கும் மேற்பட்ட தொடர்கள் உண்டு. பயத்தில் நெஞ்சு படபடக்கும்போது அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

மணிக்கட்டு விடுவிப்பு

மச்சினன் கதைக்கு வருகிறேன். ஒருவர் கையைப் பிடிக்கும்போது நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக மறுபக்கம் இருக்கும். கட்டைவிரல் நுனியும் மற்ற விரல் நுனிகளும் சந்திக்கும் இடம்தான் வாசல். இது வகுப்பில் எல்லாரும் சொல்வது, எனக்கும் தெரிந்திருந்தது. அப்புறம் ஏன் வரவில்லை?

நான் நின்ற இடத்தில் நின்றபடி கையை என் பக்கம் இழுத்தேன். அப்படி இழுத்தால் அது கயிறிழுக்கும் போட்டி. நாள் முழுவதும் மூட்டை தூக்குகிறவனோடு அந்தப் போட்டியில் நான் ஜெயிக்கவே முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் வலது கையை எதிரில் நிற்பவர் தம் இடது கையால் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் விரல்களை விரியுங்கள். மணிக்கட்டு கொஞ்சம் உப்பும், பிடி முழுதாக அமையாது. பின்னால் போகாமல் அரை அடி அவரை நோக்கி எடுத்து வையுங்கள். இடுப்பைத் தாழ்த்தி, உங்கள் முழங்கையை அவருடைய முழங்கையைத் தொடப்போவது போல முன்னால் கொண்டுபோங்கள். இப்போது உங்கள் முன்கை செங்குத்தாக வந்திருக்கும். முன்கையின் மெல்லிய ஓரம் அந்த வாசலுக்கு நேராக நிற்கும். பிறகு, துண்டை எடுத்து இடது தோளில் போடுவீர்களே, அதே அசைவு. கையால் இழுக்காதீர்கள், இடுப்பு திரும்ப, கை கூடவே போகட்டும். அவர் உங்கள் வலது கையைத் தம் வலது கையால் குறுக்காகப் பிடித்திருந்தால் கட்டைவிரல் மறுபக்கம் இருக்கும். துண்டு வலது தோளுக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் உண்மையான முரட்டுப் பிடி சில நேரம் அசையாது. அதனால் திருப்புவதற்கு முன் கணுக்கால் எலும்பில் ஓர் உதை, அல்லது இன்னொரு கையால் முகத்தை நோக்கி ஒரு வீச்சு. கவனம் அங்கே போகும் அரை நொடியில் பிடி தளரும். அந்த அரை நொடிதான் உங்களுடையது. விடுபட்டதும் நின்று பார்க்க வேண்டாம், வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் ஓடுங்கள்.

பழகும் விதம்: பிடிப்பவரிடம் பத்தில் மூன்று பங்கு பலத்தோடு பிடிக்கச் சொல்லிப் பத்து முறை செய்யுங்கள். எட்டு முறையாவது வந்தால் ஐந்து பங்கு, பிறகு ஏழு. பிடித்தபடியே அவர் உங்களை இழுத்துக்கொண்டு நடக்கட்டும், சுவரில் தள்ளட்டும், இரு கையாலும் பிடிக்கட்டும். இருவரில் யார் இரண்டு முறை தட்டினாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். எத்தனை முறை வரவில்லை என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டின் முதல் பக்கம் முழுவதும் பெருக்கல் குறிதான்.

வீட்டில் பதினைந்து நிமிடம்

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நான்கு பேர் வாழும் ஊர் இது. உதைப்பதற்கு இடம் தேட வேண்டாம். கதவு நிலையில் மடித்த தலையணையை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் உள்ளங்கையால் அடிக்கலாம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, முதுகை ஒட்டாமல் இடமும் வலமும் நழுவிப் பழகலாம். வீட்டில் இருப்பவர்களைப் பிடிக்கச் சொல்லலாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டு. சொல்லாமல் செய்து பார்த்து நான் ஒரு டம்ளர் காபியை இழந்தேன்.

குரலுக்கும் பயிற்சி வேண்டும்

திடீரென்று யாராவது மேலே கை வைத்தால் நமக்கு வாயில் வருவது "ஐயோ". தாதர் பாலத்தில் அதைக் கேட்டு யார் திரும்புவார்கள்? "பீச்சே ஹட்டோ" (பின்னால் போ), "சோடோ" (விடு) என்று இந்தியில், வயிற்றிலிருந்து, உள்ளங்கைகளை முன்னே நீட்டியபடி கத்திப் பழகுங்கள். முதல் நாளில் எல்லாருக்கும் வெட்கமாக இருக்கும். குறிப்பாக மாட்டுங்காவிலிருந்து வரும் மாமிகள் வாயைத் திறக்கவே மாட்டார்கள்; மூன்றாம் வாரம் அவர்கள் கத்துவதில் ஜன்னல் அதிரும்.

கென்போ உதவாத இடங்கள்

மும்பை ரயிலில் கதவருகே நின்று போனைப் பார்க்கிறவர்களைத் தண்டவாளத்தின் ஓரம் நிற்கும் திருடன் குச்சியால் கையில் அடித்து, விழும் போனை எடுத்துக்கொண்டு ஓடுவான். 'ஃபட்கா' என்று இதற்குப் பெயரே உண்டு. எந்தத் தடுப்பும் இதற்கு இல்லை. போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே நகருங்கள். சங்கிலி பறிக்க பைக்கில் வருகிறவனுக்கும் அப்படியே.

கத்தி காட்டினால் பர்ஸை அவன் கைக்கு எட்டாத பக்கம் எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். கத்தியைப் பிடுங்கும் முறைகளை வகுப்பில் நாங்களும் செய்கிறோம். ஒரு முறை மரக்கத்திக்குப் பதில் மார்க்கர் பேனாவைக் கொடுத்து ஆசிரியர் செய்யச் சொன்னார். அரை நிமிடத்தில் என் வெள்ளைச் சட்டையில் பதினொரு கோடுகள், இரண்டு கழுத்தில். உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பாருங்கள்.

சட்டம்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உங்கள் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமை தெளிவாக இருக்கிறது. ஆனால் 37ஆம் பிரிவு, காப்பதற்குத் தேவையானதைவிட அதிகக் காயம் விளைவிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் போன்ற அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும் சொல்கிறது. ஆபத்து இருக்கும் என்ற அச்சம் நீடிக்கும்வரைதான் உரிமையும் நீடிக்கும். கென்போ தொடர்களில் எதிராளி விழுந்த பிறகும் இரண்டு மூன்று அடிகள் மிச்சம் இருக்கும். அவற்றை அப்படியே தெருவில் செய்தால் வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும். அதனால் தொடரை எந்த அடியோடு நிறுத்தி ஓடுவது என்பதையும் சேர்த்தே பழகுங்கள். ஓடி முடித்ததும் 112ஐ அழையுங்கள். ரயிலில் என்றால் 139.

எப்போது சேரலாம்

மழை முடிந்த அக்டோபரில் சேர வேண்டும் என்று பலர் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்கள் அக்டோபரில் தீபாவளி என்பார்கள். மழையிலேயே வாருங்கள், அப்போது கூட்டம் குறைவு, ஆசிரியர் உங்கள் பக்கத்திலேயே நிற்பார். பள்ளிக்கூட ஹால் தரை ஈரமாக இருக்கும். கால் துடைக்க ஒரு பழைய துண்டு கொண்டுவாருங்கள். முதல் நாளில் யாராவது உங்கள் கையைப் பூப்போலப் பிடித்தால், வெட்கப்படாமல் இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். மச்சினனும் இப்போது மாதம் ஒரு ஞாயிறு வருகிறான். பத்துக்கு ஆறு முறை என்னால் விடுவித்துக்கொள்ள முடிகிறது; மற்ற நான்கு முறை அவன் சிரித்துக்கொண்டே நிற்கிறான்.